அப்பாவின் இன்னொரு கண்

“கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். எங்கள் வீட்டில் ஒரு கண் கெட்ட பிறகுதான் கண்ணைப் பற்றியே நாங்கள் படிக்கத் தொடங்கினோம். அது மனிதக் கண் அன்று, காமிராவின் கண்.

நாங்கள் என்றால் அக்காள் தங்கை இருவர். ஒருத்தி பத்தாம் வகுப்பு, மற்றவள் எட்டாம் வகுப்பு. எங்கள் அப்பா விழுப்புரத்தில் ஒரு சிறிய போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். பாஸ்போர்ட் படமும் ஜெராக்ஸும் அன்றாட அரிசி பருப்புக்கு உதவும். எங்கள் இருவரின் பள்ளிக் கட்டணமோ தை, மாசி, வைகாசி, ஆவணி மாதக் கல்யாணங்களிலிருந்துதான் வர வேண்டும்.

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தென்பெண்ணை கரைபுரண்டு ஓடியது. எங்கள் ஸ்டுடியோவிலும் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. நல்ல வேளையாகக் காமிரா வீட்டில் இருந்தது. ஆனால் அப்பா கல்யாணத்துக்கென்று பயன்படுத்தும் பெரிய லென்ஸ், கடையின் கீழ் அலமாரியில் பையோடு மூழ்கிக் கிடந்தது. வெயிலில் வைத்தோம், அரிசிப் பானையில் புதைத்தோம். இரண்டு வாரம் கழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், கண்ணாடிக்குள்ளே சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. “மோட்டாரும் போயிடுச்சு சார், செலவு பண்ணிப் பிரயோசனம் இல்லை” என்று பழுது பார்ப்பவர் கையை விரித்துவிட்டார்.

தை பிறந்தால் திண்டிவனத்தில் இரண்டு கல்யாணங்கள். முன்பணம் வாங்கியாகிவிட்டது. அந்தப் பணமும் கடைக்கு வெள்ளையடிக்கச் செலவாகிவிட்டது. காமிராக் கம்பெனியே செய்யும் அதே லென்ஸைப் புதிதாக வாங்க ஒன்றரை லட்ச ரூபாய்க்கும் மேல் ஆகும் என்றார் சென்னைக் கடைக்காரர். “வேறொரு கம்பெனி இதே காமிராவுக்குப் பொருந்துகிற மாதிரி செய்கிறது. இதில் பாதி விலையைவிடக் கொஞ்சம் கூட” என்றும் சொன்னார். அம்மா ஒன்றும் பேசாமல் தம் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அதை அடகு வைத்தால் இரண்டாவது லென்ஸ் வரும். முதல் லென்ஸ் வேண்டுமானால் சங்கிலியோடு வட்டிக்கும் கடன் வாங்க வேண்டும்.

அப்பாவோ, “வாங்கினால் கம்பெனி லென்ஸ்தான்” என்றார். அதற்குக் காரணம் இருந்தது. நாங்கள் பிறப்பதற்கு முன் அவர் மலிவாக ஒரு வெளிக் கம்பெனி லென்ஸ் வாங்கியிருந்தார். சில ஆண்டு கழித்துப் புதுக் காமிரா வாங்கி அதில் மாட்டியபோது, திரையில் பிழை எண் காட்டிவிட்டு அது வேலை செய்ய மறுத்துவிட்டதாம். “அன்னைக்கு மண்டபத்துல நான் பட்ட அவமானம் உங்களுக்குத் தெரியாது” என்று அவர் சொன்னபோது நாங்கள் வாயடைத்துப் போனோம்.

மறுநாள் இதை எங்கள் அறிவியல் ஆசிரியை சிஸ்டரிடம் சொன்னோம். அவர்கள் சிரித்துக்கொண்டே, “அப்பாவோடு வாதாடாதீர்கள். அளந்து பாருங்கள். அளந்ததை அவர் கண்ணிலேயே காட்டுங்கள்” என்றார்கள். அந்தச் சொல்தான் எங்களுக்கு வழி காட்டியது.

முதலில், லென்ஸ் ஏன் அவ்வளவு விலை என்று தெரிந்துகொண்டோம். பாடப் புத்தகத்தில் ஒரு குவிலென்சை வரைந்து கதிர்களைக் குவித்துவிடுகிறோம். காமிரா லென்ஸுக்குள்ளோ பதினேழு, பதினெட்டு கண்ணாடிகள் வரிசையாக இருக்கின்றன. ஒரே கண்ணாடி என்றால் சிவப்பும் நீலமும் ஒரே இடத்தில் குவியா. ஓரத்தில் விழும் கதிரும் நடுவில் விழும் கதிரும் ஒன்று சேரா. ஒன்றின் குறையை மற்றொன்று திருத்தத்தான் அத்தனை கண்ணாடிகள். அப்பா சொல்லும் ‘2.8’ என்பதன் பொருளும் புரிந்தது. குவியத் தொலைவை அந்த எண்ணால் வகுத்தால் வெளிச்சம் புகும் வாயிலின் விட்டம் வரும். 70 மில்லிமீட்டரை 2.8ஆல் வகுத்தால் 25 மில்லிமீட்டர், 5.6ஆல் வகுத்தால் பன்னிரண்டரை. விட்டம் பாதியானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகும். மங்கலான மண்டபத்தில் வாயிலை அகலத் திறந்தாக வேண்டும். அகலத் திறந்தாலோ ஓரக் கதிர்கள் எல்லாம் உள்ளே வரும். குறைகளும் கூடவே வரும். அந்தக் குறையை அடக்குவதற்கே அவ்வளவு பணம்!

அடுத்து, பிறர் காமிராவுக்கு லென்ஸ் செய்யும் கம்பெனிகளைப் பற்றித் தேடினோம். அவை திருட்டுத்தனமாகப் பெயர் போட்டு விற்பவை என்று எண்ணியிருந்தோம். அப்படி அன்று. ஜப்பானில் டாம்ரான், டோக்கினா ஆகியவற்றின் தொடக்கம் 1950. சிக்மாவை மிச்சிஹிரோ யமாக்கி என்பவர் 1961இல் தொடங்கினார். 1957இல் டாம்ரான் கொண்டுவந்த ஒரு முறையில், லென்ஸின் அடியில் வளையத்தை மட்டும் மாற்றினால் வெவ்வேறு கம்பெனிக் காமிராக்களில் அதையே பூட்டலாம். ஒரே கண்ணாடி அமைப்பைச் செய்து, அடிப்பகுதியை மட்டும் மாற்றிப் பலருக்கு விற்பதால் செலவு பங்கிடப்படுகிறது. விலை குறைய அதுவும் ஒரு காரணம்.

அப்பாவின் பழைய லென்ஸ் ஏன் மறுத்தது என்பதும் விளங்கியது. 1987இல் கேனன் கம்பெனி ஒரு புதிய பூட்டு முறையைக் கொண்டுவந்தது. அதில் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கும்; காமிராவும் லென்ஸும் சிறு உலோகப் புள்ளிகளின் வழியே மின்சாரத்தால் ‘பேசிக்கொள்ளும்’. மற்றக் கம்பெனிகளும் இப்படியே மாறின. அந்தப் பேச்சின் மொழியை எல்லாருக்கும் சொல்லிவிடுவதில்லை. வெளிக் கம்பெனிக்காரர்கள் ஒட்டுக் கேட்டே மொழியைக் கற்க வேண்டும். புதுக் காமிரா ஒரு புதுச் சொல் பேசினால், பழைய லென்ஸ் திருதிருவென்று விழிக்கும்! இப்போது அந்தக் கவலை குறைந்திருக்கிறது. சிக்மா 2013லும் டாம்ரான் 2016லும் கணினியோடு இணைக்கும் ஒரு கருவியை வெளியிட்டன. அதில் லென்ஸை வைத்துப் புதுச் சொற்களைக் கற்றுக் கொடுத்துவிடலாம். சோனி கம்பெனியோ 2011இல் தன் பூட்டு முறையின் அடிப்படை விவரங்களைக் கட்டணமில்லாமல் பிறருக்குத் தந்தது.

இதையெல்லாம் சிஸ்டரிடம் சொன்னபோது, “மா. கிருஷ்ணனைப் பற்றியும் படியுங்கள்” என்றார்கள். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன் அவர். 1912இல் பிறந்து 1996இல் மறைந்த இயற்கை ஆர்வலர்; ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் 46 ஆண்டுகள் தொடர்ந்து எழுதியவர். யானைகளைக் கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படங்களைப் பார்த்தால், தோலின் சுருக்கத்தைத் தொட்டுப் பார்க்கலாம் போல இருக்கிறது. அவர் வைத்திருந்த காமிரா எது தெரியுமா? ஒரு கம்பெனியின் காமிரா உடலில் வேறொரு கம்பெனியின் தொலைநோக்கு லென்ஸைப் பூட்டி, மற்றப் பாகங்களைக் கையாலேயே செய்து ஒட்டுப் போட்ட கருவி! அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்திருந்தார். இதை வீட்டில் சொன்னபோது அப்பா முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். “சரி, என்ன செய்யணும்?” என்றார்.

மார்கழியில் கல்யாணம் இல்லை. திண்டிவனத்தில் உள்ள அப்பாவின் நண்பரிடம் கம்பெனி லென்ஸை ஒரு நாள் இரவல் பெற்றோம். வெளிக் கம்பெனி லென்ஸை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தோம். ஆயா வீட்டுக் கூடத்துச் சுவரில் செய்தித்தாள்களை மூலைவரை ஒட்டினோம். அதே காமிரா, அதே முக்காலி, அதே வெளிச்சம். 2.8, 5.6, 8 என்று ஒவ்வொரு அளவிலும் செய்தித்தாளை ஒருமுறை, ஊஞ்சலில் உட்கார்ந்த ஆயாவை ஒருமுறை எடுத்தோம். ஆக ஆறு ஜோடிப் படங்கள். கல்யாண ஆல்பத்தின் அளவில் அச்சிட்டு, பின்பக்கத்தில் மட்டும் குறியிட்டு அப்பாவின் முன் பரப்பினோம். எது கம்பெனி லென்ஸ் என்று அவர் சொல்ல வேண்டும்.

2.8இல் எடுத்த இரண்டு ஜோடியிலும் அப்பா சரியாகச் சொல்லிவிட்டார். “மூலையில் எழுத்து கலங்குது பார்” என்றார். எங்கள் முகம் வாடிவிட்டது. 5.6இல் ஒன்று சரி, ஒன்று தவறு. 8இல் எடுத்த படங்களை வெகுநேரம் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, “காசு சுண்டித்தான் சொல்லணும்” என்று சிரித்துவிட்டார். அப்போது அம்மா கேட்டார்: “கல்யாண மேடையில மூலையில என்னங்க இருக்கும்? வாழை மரம்தானே! வாழை மரம் கலங்கினா யாரு அழப் போறாங்க?” ஆயா உட்பட எல்லாரும் சிரித்தோம். மறுநாளே சங்கிலி அடகுக்குப் போயிற்று. லென்ஸ் வீட்டுக்கு வந்தது.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. வாங்கிய லென்ஸில் எடுத்த முதல் படங்களில் காது தெளிவாக இருந்தது. மூக்கு மங்கலாக இருந்தது. ஃபோகஸ் சற்றுப் பின்னால் விழுகிறது என்றார் அப்பா. அவர் முகத்தில் பழைய அவமானம் திரும்பி வந்ததைக் கண்டு எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. நாங்கள்தானே வாங்கச் சொன்னோம்! கணினிக் கருவியை இரவல் வாங்கி, இரண்டு இரவு உட்கார்ந்து, சிறிது சிறிதாக முன்னே நகர்த்திச் சரி செய்தோம். மங்கிய வெளிச்சத்தில் அது ஃபோகஸ் பிடிக்க ஒரு நொடி தயங்குவதையும் கண்டோம். அதற்கு மருந்து இல்லை. தாலி கட்டும் நேரத்துக்கு முன்பே ஃபோகஸைப் பிடித்து வைத்துக் காத்திருப்பது என்று அப்பா முடிவு செய்தார்.

கல்யாணத்தன்று அப்பாவுக்கு உதவியாக நாங்களும் திண்டிவனம் போனோம். மண்டபத்தில்தான் கவனித்தோம்: லென்ஸின்மேல் இருந்த கம்பெனிப் பெயரை அப்பா கறுப்பு டேப் ஒட்டி மறைத்திருந்தார்! எங்களுக்குத் தொண்டை அடைத்தது. பெண்ணின் தாய்மாமன் அதைப் பார்த்துவிட்டு, “என்னா தம்பி, லென்ஸு உடைஞ்சிருக்கா?” என்று கேட்டார். அப்பா ஒரு கணம் தயங்கினார். பிறகு நகத்தால் டேப்பை உரித்தெடுத்தார். “இல்லீங்கண்ணே. வேற கம்பெனி லென்ஸு. மழையில பழசு போயிடுச்சு” என்றார். “படம் நல்லா வருமில்ல?” என்றார் அவர். “வரும்ணே.” அவ்வளவுதான். அவர் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார்.

கெட்டிமேளம் முழங்கியது. அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார், நாங்களும்தான். அன்று அவர் எடுத்த படங்களில் தாலி முடிச்சும், பெண்ணின் தாய் கண்ணைத் துடைப்பதும் ஒரே படத்தில் தெளிவாக விழுந்திருந்தன. அந்த வீட்டார் அதைத்தான் ஆல்பத்தின் அட்டைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். மூலையில் வாழை மரம் கொஞ்சம் கலங்கித்தான் இருந்தது!

அம்மாவின் சங்கிலி 2025ஆம் ஆண்டு ஆவணிக் கல்யாணங்களுக்குப் பிறகு வீடு திரும்பியது. வட்டிக் கடன் எங்கள் வாசலை மிதிக்கவே இல்லை.

தோழியரே! எப்போதும் மலிவானதே நல்லது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. சில காமிராக்களில் வெளி லென்ஸுக்கு வழியே குறைவு. கேனனின் 2018ஆம் ஆண்டுப் புதுப் பூட்டு முறைக்கு லென்ஸ் செய்த வில்ட்ராக்ஸ் என்ற சீனக் கம்பெனி, கேனன் கேட்டுக்கொண்டபடி 2022இல் விற்பனையை நிறுத்தியது. 2024இல்தான் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் அனுமதி கிடைத்தது. அப்போது அறிவிக்கப்பட்டவையும் சிறிய சென்சார் காமிராக்களுக்கான லென்ஸ்களே. சில வேளைகளில் காமிராக் கம்பெனியே விற்கும் 50 மில்லிமீட்டர் சிறு லென்ஸ் வெளிக் கம்பெனிப் பொருளைவிடச் சிக்கனமாக அமைவதும் உண்டு. ஆகவே கம்பெனிப் பெயரைக் கண்டு மயங்கவும் வேண்டாம், விலை குறைவைக் கண்டு பாயவும் வேண்டாம். வாடகைக்கு எடுத்து, உங்கள் காமிராவிலேயே மாட்டி, உங்கள் வேலைக்கு எது தேவையோ அதை அளந்து பாருங்கள்.

லென்ஸின்மேல் டேப் ஒட்டியிருந்த பிசின் தடம் இன்னும் முழுதாகப் போகவில்லை. துடைத்துத் தருகிறோம் என்றால், “இருக்கட்டும், விடுங்கம்மா” என்கிறார் அப்பா.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி, தங்கையுடன்