தறிச் சத்தத்துக்கு நடுவே

கைலாசகோனா அருவிப் பக்கம் கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று சனிக்கிழமை குடும்பத்தோடு கிளம்பினோம். பொதட்டூர்பேட்டைக்குள் நுழையும்போதே டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. பானட்டுக்குள்ளிருந்து புகைபோல ஆவி. ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து, பச்சைக் கூலன்ட் ரோட்டில் கொட்டியது.

எதிர்வீட்டுத் தம்பி ஓடிவந்தார். "அண்ணா, மூடியில மட்டும் கை வெச்சிடாதீங்க!" உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரிக்கு மேலேயும் கொதிக்காமல் நிற்கும், திறந்தால் முகத்தில் பீய்ச்சும். இன்ஜின் ஆறும்வரை காத்திருங்கள், தயவுசெய்து.

ஹோஸ் மறுநாள்தான் கிடைக்கும் என்றார் மெக்கானிக். "பசங்கள வெச்சிக்கினு ரோட்ல ஏன் நிக்கிற, உள்ள வாம்மா" என்று என் மனைவியைக் கூப்பிட்டார் தம்பியின் அம்மா. அவர்கள் மொட்டைமாடியிலேயே கூடாரம் போட்டோம். கீழே விசைத்தறி. பாவு நூலுக்கு நடுவே நாடா பாய்வதைப் பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்த்தார்கள்.

அம்மா எங்களிடம் தமிழ், பக்கத்து வீட்டில் தெலுங்கு. மா.பொ.சி. போன்றோர் போராடியதால் இந்த ஊர் இருக்கும் திருத்தணி வட்டாரம் ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது 1960 ஏப்ரல் 1-இல். கோடு மாறியும் இரண்டு மொழியும் இங்கே சௌக்கியமாக இருப்பது எனக்கு அவ்வளவு பிடித்தது.

ஆடிக் கிருத்திகைக்கு வரச் சொல்லியிருக்கிறார் அந்த அம்மா. கட்டாயம் போவோம்.