பருவத்துக் குடித்தனம்

சக்கரம் பூட்டிய வீடு என்றால் நம்மில் பலருக்குச் சிரிப்பு வரும். அமெரிக்காவிலோ அது சர்வ சாதாரணமான விஷயம். மோட்டார் வண்டிக்குப் பின்னால் ஒரு சிறு வீட்டை மாட்டி இழுத்துக்கொண்டு தேசமெங்கும் சுற்றுகிறவர்கள் 1919-ஆம் வருஷத்திலேயே ஃபுளோரிடாவில் தங்களுக்கென்று ஒரு சங்கம் கண்டுவிட்டார்கள். 1872-இல் ஏற்பட்ட யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா போன்ற இடங்களில், கோடை பிறந்ததும் இவ்விதம் வீட்டோடு வந்து இறங்கி, சில மாதம் வேலை பார்த்துவிட்டு, பனி கொட்டுவதற்குள் வீட்டோடு கிளம்பிவிடுகிறவர்கள் இன்றைக்கும் உண்டு.

"இது என்ன பிரமாதம்!" என்று சொல்லக்கூடிய ஜனங்கள் நமது காரைக்கால் கரையிலேயே இருக்கிறார்கள். அவர்களுடைய வீட்டுக்குச் சக்கரம் கிடையாது. அது சவுக்குக் கழிகளாகவும் கீற்றுக் கட்டுகளாகவும் தார்ப்பாயாகவும் பிரிந்து, வலைகளோடு சேர்ந்து பிரயாணம் செய்யும். ஐப்பசி மாதத்தில் காரைக்கால், நாகப்பட்டினம், கடலூர் முதலிய பகுதிகளின் மீனவர்கள் தெற்கே கோடியக்கரைக்குப் போய், பங்குனி வரையில் அங்கேயே தங்கி மீன் பிடிக்கிறார்கள். ஒரு மீன் வியாபாரிக்குக் கணக்கு எழுதும் நிமித்தம் நானும் இரண்டு பருவங்கள் அவர்களோடு கடற்கரைக் கொட்டகையில் குடித்தனம் செய்தேன்.

கோடியக்கரை நேயர்களுக்குப் புதிய ஊர் அல்ல. "பொன்னியின் செல்வன்" படித்தவர்கள் அனைவரும் பூங்குழலியின் படகில் ஏறி அந்தக் கடலைப் பார்த்தவர்கள்தாமே? வடக்கேயிருந்து நேராக இறங்கி வரும் சோழ மண்டலக் கரை அங்கேதான் சட்டென்று மேற்கே திரும்புகிறது. ஒரு பக்கம் வங்கக் கடல், மறு பக்கம் பாக் நீரிணை. அந்த மூலையில் காலாவும் வாவலும் இறாலும் நண்டும் கிடைக்கிற காலம்தான் பருவம். கரைக்குப் பின்னால் காடு. அதில் வெளிமான்கள், புள்ளிமான்கள், மட்டக்குதிரைகள், நரிகள். இந்தக் காடு 1967-ஆம் வருஷத்தில் வனவிலங்குச் சரணாலயம் ஆயிற்று. இங்கே கோயில் கொண்டிருக்கும் கோடிக்குழகரைப் பார்த்து, இந்தக் காட்டோரத்தில், கடற்காற்றில், துணையில்லாமல் ஏன் தனியாக இருக்கிறீர் என்று சுந்தரமூர்த்தி சுவாமிகள் மனம் நொந்து கேட்டார். பருவ காலத்தில் வந்திருந்தால் சுவாமிகள் அவ்வளவு விசாரப்பட்டிருக்க மாட்டார்!

கொட்டகை கட்ட அரை நாள் போதும். நான்கு கழிகளை மணலில் ஆழமாக ஊன்றி, குறுக்கே கட்டி, கீற்று வேய்ந்து, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டினால் கிருகப் பிரவேசம் ஆகிவிடும். உள்ளே ஓர் அடுப்பு, நாலு பாத்திரம், சுவாமி படம், துணிப்பெட்டி. ஐஸ் பெட்டியே நாற்காலி. அதன் மேல் பலகை போட்டால் எனக்கு எழுது மேஜை. தரை முழுவதும் மணலாதலால் பெருக்கி மெழுகும் தொல்லை இல்லை. ஆனால் சோற்றிலும் மணல், படுக்கையிலும் மணல், கணக்குப் புத்தகத்திலும் மணல். நல்ல தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து வர வேண்டும். காட்டுக் குரங்குகள் வேறு, சமையல் ஆகிற நேரத்தைக் கடிகாரம் பார்த்ததுபோல் தெரிந்து வைத்திருந்தன.

அப்படியிருந்தும் அந்த வாழ்க்கையில் ஒரு கம்பீரம் இருந்தது. ஊரில் பெரிய வீடு, சின்ன வீடு என்ற பேதம் உண்டு. இங்கே எல்லாருடைய வீடும் ஒரே அளவு. இருட்டோடு போன படகுகள் பொழுது விடிந்து திரும்பும்போது, எந்தப் படகு வரவில்லை என்பது எல்லாக் கொட்டகைகளுக்கும் தெரியும். அந்தப் படகு கண்ணில் படும் வரையில் ஏலத்தில் குரல் ஏறாது.

ஐப்பசியில் அங்கே வருகிறவர்கள் மீனவர்கள் மட்டுமல்ல. அதே சமயத்தில் ஆயிரக்கணக்கான பறவைகளும் வந்து இறங்குகின்றன. வடதுருவத்தை அடுத்த சமவெளிகளிலிருந்து சின்னஞ்சிறு உள்ளான்கள் வருகின்றன. பூநாரைகள் கூட்டம் கூட்டமாகச் சேற்று நீரில் நிற்கின்றன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல்லாண்டுகளாக இவற்றைப் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டி, நோகாமல் பறக்கவிட்டு ஆராய்ந்து வருகிறார்கள். 2002-இல் இந்தச் சதுப்பு நிலம் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் தலமாகவும் அங்கீகரிக்கப்பட்டது.

அடுத்த கொட்டகையிலிருந்த வயதான அம்மாள் ஒருவரிடம் இந்த வளைய சமாசாரத்தைச் சொன்னேன். அவர் வலைக் கண்ணிலிருந்து நண்டை விடுவித்தபடியே, "கொக்குக்குக்கூட இன்ன ஊர்னு அடையாளம் போட்டுடறாங்க தம்பி. நமக்கு இந்தக் கரையிலே என்ன அடையாளம் இருக்கு?" என்றார்.

விளையாட்டாகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் அதில் பருவத்துக் குடித்தனத்தின் முழுக் கஷ்டமும் அடங்கியிருக்கிறது. அந்த அம்மாளுடைய வீடும் குடும்ப அட்டையும் ஓட்டும் காரைக்காலில்; வருஷத்தில் ஐந்து மாதப் பிழைப்பு நாகை மாவட்டத்தில். 1954-ஆம் வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சுக்காரர் ஆட்சியை ஒப்படைக்கும் வரையில் காரைக்காலுக்கும் நாகூருக்கும் நடுவில் அந்நிய தேசத்து எல்லை இருந்தது. அது ஒழிந்தது நம் பாக்கியம். ஆனால் இன்றும் வாஞ்சூரைத் தாண்டினால் வேறு அரசாங்கம், வேறு கச்சேரி. மீன்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது, மனிதர்களுக்குத் தெரிகிறது. சொந்த ஊரில், "நீங்கள் இங்கே இருப்பதில்லையே" என்கிறார்கள். வந்த ஊரில், "நீங்கள் இந்த ஊர் இல்லையே" என்கிறார்கள்.

பள்ளிக்கூட விஷயம் இன்னும் கடினம். பள்ளிக்கு ஐப்பசி நடுவாண்டு. குழந்தையைப் பாட்டியிடம் விட்டு வந்தால் தாய்க்கு ஏக்கம். உடன் அழைத்து வந்தால் படிப்புக்கு நஷ்டம். என் கொட்டகைக்கு வந்து பெருக்கல் வாய்பாடு ஒப்பித்த சிறுவன் ஒருவன், பதின்மூன்றாம் வாய்பாட்டில் நிற்கையில் ஊருக்குப் புறப்பட்டுவிட்டான். பிறகு அது எவ்விடத்திலிருந்து தொடர்ந்ததோ!

காற்றையும் கடலையும் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை எழுந்தது நட்ட நடுப் பருவத்தில். 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியுமுன் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை ஏறியபோது சரணாலயத்து மரங்களே வேரோடு சாய்ந்தன. மரம் நிற்காத காற்றில் கீற்று எங்கே நிற்கும்?

ஆகவே, பெயரும் வீடு சுவரால் நிற்பதில்லை. அது வந்த இடத்தாரின் மனத்தால் நிற்கிறது என்பதே அங்கே நான் கற்ற பாடம். இதற்கு அந்தச் சாலையிலேயே பெரிய சாட்சி உண்டு. 1930 ஏப்ரலில் ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களோடு திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து வந்தார். சத்தியாக்கிரகிகளுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்களைத் தண்டிப்போம் என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் பறையறைவித்தார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? வழியிலுள்ள மரக் கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள்! ஏப்ரல் 30-ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் அள்ளிய உப்பில் அந்தச் சோற்றின் உப்பும் சேர்ந்திருந்தது. சர்க்கார் தடுத்தும் வழிப்போக்கனைப் பட்டினி போடாத பூமி அது.

விருந்தாளிக்கும் கடமை உண்டு. பங்குனியில் கொட்டகையைப் பிரிக்கும்போது, கழி ஊன்றிய குழிகளை மூடுவதோடு, அறுந்த வலைத் துண்டுகளையும் பிளாஸ்டிக் பைகளையும் ஒன்று விடாமல் பொறுக்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். தை, மாசி மாதங்களில் ஆமைகள் முட்டையிட அந்தக் கரைக்கு ஏறி வருகின்றன. கிழிந்த வலை அவற்றுக்குத் தூக்குக் கயிறு. மான்களுக்கும் அந்தக் கரை சொந்தம்.

இதைச் செய்கிறவர்களுக்கு நாமும் சிலவற்றைச் செய்ய வேண்டாமா? நல்ல தண்ணீர்க் குழாய், பெண்களுக்குக் கழிப்பிடம், புயலுக்கு ஒதுங்கக் கெட்டியான ஒரு கட்டடம், ஐந்து மாதம் நடக்கும் ஒரு பள்ளிக்கூடம் – இவை போதும். ஊரில் விட்ட இடத்திலிருந்து கரையில் பாடம் தொடங்கி, கரையில் விட்ட இடத்திலிருந்து ஊரில் தொடர, இரண்டு அரசாங்கங்களும் ஒரு தாள் எழுதிக்கொண்டால் ஆயிற்று. பறவையின் காலில் வளையம் மாட்டி, அது எங்கே போகிறது, எப்போது திரும்புகிறது என்று கணக்கு வைக்கத் தெரிந்த தேசத்துக்கு, ஒரு மீனவக் குழந்தை எந்த வாய்பாட்டில் நிற்கிறது என்று குறித்து வைப்பது அப்படி ஒன்றும் அசாத்தியமான காரியமல்ல.