கையின் பிரயாசமும் ஊழியமே



பிழைப்பைத் தேடிப் பெருநகரங்களில் குடியேறிய நம் ஜனங்களுக்குள்ளே ஒரு தப்பெண்ணம் வேரூன்றியிருக்கிறது. மேடையில் நின்று பிரசங்கிப்பதே ஊழியம். திருப்புளியும் கம்பியும் பிடித்துச் செய்வது வெறும் உலக வேலை என்பதே அது. மும்பையில் சபை நடத்திவரும் இத்தனை ஆண்டுகளில், இவ்வெண்ணம் நல்ல விசுவாசிகளின் மனதை எவ்வளவாய் வருத்துகிறது என்பதை அருகிலிருந்து கண்டிருக்கிறேன். ஆகையால் ஒரு வானொலிப் பொறியாளரின் வாழ்க்கையை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அவர் அமெரிக்கராகிய கிளாரன்ஸ் மூர்.

தென் அமெரிக்காவிலுள்ள ஈக்வடார் தேசத்தின் தலைநகர் கீட்டோ. அங்கே 1931-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று எச்.சி.ஜே.பி. என்னும் மிஷனெரி வானொலி தன் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. மூர் அந்த நிலையத்தில் பொறியாளராக ஊழியம் செய்தார். 1940-ல் அங்கே 10,000 வாட் திறனுள்ள ஒலிபரப்புக் கருவி இயங்கத் தொடங்கியது. சுவிசேஷம் இனித் தூரதேசங்களுக்கும் எட்டும் என்று யாவரும் மகிழ்ந்திருந்தனர். ஆனால் எதிர்பாராத இடத்திலிருந்து இக்கட்டு வந்தது.

கீட்டோ நகரம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 9,300 அடி உயரத்தில் உள்ளது. அங்கே காற்று மெல்லியது. ஆன்டெனாவிலுள்ள குழாய்களின் நுனிகளில்தான் மின்னழுத்தம் மிகுந்து நிற்கும். அந்த மெல்லிய காற்றில் நுனிகளிலிருந்து மின்சாரம் பாய்ந்து சுடர்விட்டது. அலுமினியக் குழாய்கள் உருகித் துண்டு துண்டாய்த் தரையில் விழுந்தன. நுனிகளில் செம்பு உருண்டைகளைப் பொருத்திப் பார்த்தார்கள். தொல்லை குறைந்ததேயன்றித் தீரவில்லை.

1942-ல் மூர் சிறு விடுமுறைக்காகப் பொசோர்ஹா என்னும் கடற்கரை ஊருக்குச் சென்றார். ஓய்வுக்குப் போனவர் ஏறத்தாழ 100 பவுண்டு எடையுள்ள பொறியியல் நூல்களையும் உடன் எடுத்துச் சென்றார். அவற்றை விரித்து வைத்துக்கொண்டு, சகலத்தையும் சிருஷ்டித்தவரிடம் வழிகாட்டும்படி ஜெபித்ததாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அங்கே அவருக்குப் பிறந்த எண்ணம் எளியது. நுனியில்தானே தொல்லை? அப்படியானால் நுனியே இல்லாத ஆன்டெனாவைச் செய்தால் என்ன? ஓர் அலைநீள அளவுள்ள கம்பியைச் சதுரமாக வளைத்து மூடிவிட்டால், மின்சாரம் பாய்ந்து எரியத் திறந்த முனை இராது. அவ்விதமான சதுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால், வானொலி அலையை விரும்பிய திசைக்கு அனுப்பவும் கூடும். கீட்டோவில் அதை அமைத்தபோது எரிதல் நின்றது. 1951-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ‘கியூபிக்கல் குவாட்’ என்ற பெயரில் அமெச்சூர் வானொலி ஆர்வலர்கள் அதை இன்றும் தங்கள் வீடுகளில் அமைக்கிறார்கள். கீட்டோவுக்கு அருகே பீஃபோவில் பிற்காலத்தில் எழும்பிய அந்த வானொலியின் சிற்றலைத் தளம் 2009-ல் மூடப்பட்டது. பொறியாளரின் கைவேலையோ நிலைத்திருக்கிறது.

ஜெபிக்கிறேன் என்று சொல்லி மூர் புத்தகத்தை மூடிவிடவில்லை. புத்தகம் இருக்கிறது என்று ஜெபத்தை விட்டுவிடவுமில்லை. யாத்திராகமம் 31-ஆம் அதிகாரத்தில் பெசலெயேலைப் பற்றி வாசிக்கிறோம். பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் மரத்திலும் வேலை செய்வதற்காகவே தேவன் அவனைத் தம்முடைய ஆவியினால் நிரப்பினார். அபிஷேகம் நாவுக்கு மாத்திரமல்ல, விரல்களுக்கும் உண்டு.

தாய்நாடு திரும்பிய மூர், 1947-ல் இண்டியானா மாநிலத்திலுள்ள எல்கார்ட் நகரில் ஒரு மின்னணு நிறுவனத்தைத் தொடங்கினார். கோழிக்கொட்டகை ஒன்றைச் சீர்படுத்தியே தொழில் ஆரம்பமாயிற்று. மிஷனெரிகள் கரடுமுரடான இடங்களுக்கும் எடுத்துச் செல்லத்தக்க உறுதியான ஒலிப்பதிவுக் கருவிகள் அங்கே உருவாயின. அவருடைய மனைவி ரூபியும் அந்தப் பிரயாசத்தில் பங்குள்ளவராயிருந்தார். நிறுவனத்துக்குக் கிரவுன் என்ற சுருக்கமான பெயரை யோசனை சொன்னவர் அந்த அம்மையாரே என்பர். ஊழியம் ஒரு பக்கம், தொழில் ஒரு பக்கம், குடும்பம் ஒரு பக்கம் என்று அவர்கள் வாழ்க்கை பிளவுண்டு போகவில்லை.

நான் சிறுவனாயிருந்தபோது, திருநெல்வேலிச் சீமையிலுள்ள எங்கள் கிராமத்தில் மாலைதோறும் என் தகப்பனார் சிற்றலை வானொலியைத் திருப்பி ஃபீபா நிகழ்ச்சியைக் கேட்பார். இந்தியப் பெருங்கடலின் செஷெல்ஸ் தீவிலிருந்து 1970 முதல் 2003 வரை அந்த ஒலிபரப்பு நடந்தது. அதன் ஆன்டெனாக்கள் கடலுக்குள்ளே பவளப்பாறையின்மேல் நிறுத்தப்பட்டிருந்தன என்பதைப் பிற்பாடு அறிந்தேன். செய்தி கொடுத்தவரின் குரல் இன்றும் என் நினைவில் உண்டு. ஆனால் உப்புக்காற்றில் நின்று அந்தக் கம்பிகளைப் பழுதுபார்த்தவர்கள் யார்? எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கர்த்தருக்குத் தெரியும்.

எங்கள் சபையில் ஒரு வாலிப சகோதரன் உண்டு. கைப்பேசிக் கோபுரங்களைப் பராமரிக்கும் பணி. பெரும்பாலும் இரவு வேலை. மூன்று வருஷங்களுக்கு முன் அவர், “ஐயா, வேலையை ராஜினாமா செய்துவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்துவிடுகிறேன்” என்றார். உடன் வந்திருந்த மனைவி ஒன்றும் பேசவில்லை. இரண்டு பிள்ளைகள், வீட்டு வாடகை, ஊரிலே வயதான பெற்றோர். “தம்பி, கர்த்தர் அழைக்கிறாரா, அல்லது இரவு வேலையின் களைப்பு துரத்துகிறதா?” என்று கேட்டேன். அவர் வெகுநேரம் மௌனமாயிருந்தார். பிறகு மூரின் கதையைச் சொன்னேன். “நடுராத்திரியில் நீ சரிசெய்கிற கோபுரத்தின் வழியாகத்தான் ஊரிலிருக்கிற ஒரு தாய், தாராவியிலிருக்கிற தன் மகனோடு பேசுகிறாள், அது சிறிய காரியமா?” என்றேன்.

அந்தச் சகோதரி அப்பொழுதுதான் வாய் திறந்தார். “ஐயா, லீவு கிடைத்தால் அந்த இரவும் சபை வேலைக்கே போய்விடுகிறது. பிள்ளைகள் தூங்கின பிறகுதான் வருகிறார்” என்றார். மூப்பர்களோடு ஆலோசித்து, விடுமுறை இரவுகளில் அவருக்குச் சபைப்பொறுப்பு வேண்டாம் என்று தீர்மானித்தோம். அந்த இரவுகள் இப்போது குடும்ப ஜெபத்துக்குரியவை. அவர் தம் வேலையில் நிலைத்திருக்கிறார். ஞாயிறு காலையில் சபையின் ஒலிபெருக்கிகளையும் கவனித்துக்கொள்கிறார்.

முழுநேர ஊழியத்துக்குத் தேவன் சிலரை அழைக்கிறார் என்பது மெய்யே. அவ்வழைப்பைப் பெற்றே நானும் வேதாகமக் கல்லூரிக்குச் சென்றேன். ஆனால் அழைப்பு என்பது வேலையிலிருந்து தப்பியோடும் வழியல்ல. தன் வீட்டாரை விசாரியாதவனைப் பற்றி 1 தீமோத்தேயு 5:8-ல் பவுல் எழுதியிருக்கும் கடுமையான எச்சரிப்பை ஊழியரும் விசுவாசிகளும் ஒருமித்து வாசிக்கவேண்டும்.

பிரியமானவர்களே, பட்டறையிலோ, ஆலையிலோ, கணினிக்கு முன்பாகவோ, எங்கே கர்த்தர் உங்களை நிறுத்தியிருக்கிறாரோ அங்கே உண்மையாயிருங்கள். உங்கள் தொழில் நூலைத் திறந்து வையுங்கள். ஜெபத்தோடே திறந்து வையுங்கள். உங்கள் கைகளின் பிரயாசத்தைக் கர்த்தர் தாமே ஆசீர்வதிப்பாராக. ஆமென்.