கொக்கிரகுளத்திலிருந்து புன்னைக்காயல் வரை

வயல், வாழைத்தோப்பு, கடல் எல்லாம் ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்று வாசிப்பு வட்டத்து மாணவர்கள் கேட்டார்கள். புன்னைக்காயல் போகலாம் என்றேன். ஒரே நிபந்தனை, வேன் நெல்லை கொக்கிரகுளத்திலிருந்துதான் கிளம்பும்.

ஏன் என்று பாதிப் பேருக்குப் புரியவில்லை. அவர்கள் 1999-க்குப் பிறகு பிறந்தவர்கள். அந்த ஆண்டு ஜூலை 23 அன்று மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக இங்கே ஆட்சியர் அலுவலகத்துக்குப் பேரணி வந்தது. கூலியை உயர்த்து, சிறையில் இருக்கும் தொழிலாளர்களை விடுதலை செய். கேட்டது இவ்வளவுதான். போலீஸ் தடியடி நடத்தியது. ஓட வழியில்லாத ஜனங்கள் ஆற்றில் இறங்கினார்கள். 17 பேர் செத்தார்கள், அதில் ஒரு பச்சைக் குழந்தையும் உண்டு. விசாரித்த மோகன் ஆணையமோ போலீஸ் பக்கம்தான் நின்றது.

மாஞ்சோலை மலையில் பெய்கிற மழை மணிமுத்தாறாக இறங்கித் தாமிரபரணியில் கலக்கிறது. அந்தத் தண்ணீரோடுதான் நாமும் கடலுக்குப் போகிறோம் என்று சொன்னேன். வேனில் பாட்டு நின்றது. கொஞ்ச நேரத்துக்குத்தான், பிறகு மறுபடி போட்டார்கள். போடட்டும்.

ஸ்ரீவைகுண்டம் இந்த ஆற்றின் கடைசி அணைக்கட்டு. இங்கிருந்து வாய்க்கால்கள் பிரிந்து போகின்றன. தூத்துக்குடி ஆலைகளுக்கும் இங்கிருந்தே குழாய் போகிறது. அதைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டியவரை வாழை. ஏரல் வந்ததும் ஒரு மாணவி 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிப் பேசினாள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய வெள்ளம் அது. ஏரல் பாலம் உடைந்தது. அவளுடைய அத்தை வீட்டுச் சுவரும் அதில்தான் போனது.

ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடிக்காலுக்குள் நிழல், ஈரம், பச்சை வாசனை. எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், "இது உங்க தோட்டமா?" என்று ஒரு தம்பி கேட்டான். "கேக்குத கேள்வியப் பாரு" என்று சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார். ஊருக்குப் பெயர் வாங்கித் தந்த இலையைக் கிள்ளுகிற கைக்குச் சொந்தமாக ஒரு கொடி கிடையாது. 1892-ல் வெள்ளைக்காரன் ஒதுக்கிய பஞ்சமி நிலம் யார் கையில் இருக்கிறது என்ற பேச்சு அங்கேதான் தொடங்கியது. புன்னைக்காயல் வரும்வரை அது ஓயவில்லை.

கடற்கரைக்கு முன்னால் உப்பளம். வெயிலில் வெள்ளை கண்ணைக் கூசுகிறது. நமக்கு ஐந்து நிமிஷம். பாத்தியில் நிற்கிற பெண்களுக்கு விடியற்காலையிலிருந்து. காலில் வெடிப்பு, கண்ணில் எரிச்சல். மழைக்காலத்தில் அந்த வேலையும் இல்லை.

புன்னைக்காயலில் படகுகள் ஆற்றுக்குள்ளேயே நிற்கின்றன. போர்ச்சுக்கீசியர் காலத்தில் முத்துக் கப்பல்கள் வந்த துறை இது. இப்போது வலை, ஐஸ்பெட்டி, அலையாத்திச் செடிகள். ஆறு கடலைத் தொடுகிற இடம் உண்மையிலேயே அழகு. பிள்ளைகள் குளித்தார்கள், மீன் வறுவல் சாப்பிட்டோம். கரையேறியதும் அந்த மாணவி கேட்டாள்: "தோழர், மாஞ்சோலைக்காரங்க இப்போ எங்க இருக்காங்க?"

2024-ல் தோட்டக் கம்பெனி எல்லோரையும் விருப்ப ஓய்வில் போகச் சொல்லி வேலையை நிறுத்தியது. நாலு தலைமுறையாகக் குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். கம்பெனியின் 99 வருடக் குத்தகை 2028-ல்தான் முடிகிறது.

அடுத்த பயணம் மேலே, மாஞ்சோலைக்கு என்று வேனிலேயே முடிவானது. வனத்துறை அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பத்தை அவளே எழுதுகிறாள்.