மெல்லக் கற்றோம்

தமிழில் 'மெல்ல' என்னும் சொல் இருபொருள் தந்து நிற்கும். 'மெதுவாக' என்பது ஒன்று; 'மெல்லுவதற்கு' என்பது மற்றொன்று. இலக்கண நோக்கில் இவை இருவேறு சொற்களே. ஆயினும், உடற்பருமன் குறைய வேண்டி இரைப்பையில் அறுவை மருத்துவம் செய்துகொண்டவர்க்கு இவ்விரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. மெதுவாக உண்டாலன்றி அவரால் மெல்ல இயலாது. மென்றாலன்றி உண்ணவே இயலாது. ஐம்பது அகவையைக் கடந்த பின்னர் இப்பாடத்தை நாம் கற்ற வகையினை இம்மலரின் வாயிலாக மாணவச் செல்வங்களோடும் சான்றோர்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

நாம் குடியிருப்பது திருவண்ணாமலையில், ரமணாசிரமம் பகுதியில். செங்கம் சாலை வழியே முழுநிலா நாளில் மக்கள் வெள்ளம் மலையை வலம் வரும் காட்சியை நம் தெருமுனையிலிருந்தே காணலாம். அப்பாதையின் நீளம் 14 கிலோமீட்டர். நம் எடையோ அந்நாளில் 124 கிலோ. முழங்கால்கள் நானூறு அடி தூரத்திலேயே இனி இயலாது என்றன. சர்க்கரை நோயும் உடன் வந்து சேர்ந்தது. மருத்துவர்கள் கூடி ஆராய்ந்து அறுவையே தக்கது என்றனர்.

உடல் பெருத்தவரைக் கண்டால் 'வாயைக் கட்டத் தெரியாதவர்' என்று எண்ணுவது உலகியல்பு. அறிவியல் அவ்வாறு கூறவில்லை. பசியடங்கியதை மூளைக்கு உணர்த்தும் லெப்டின் என்னும் இயக்குநீர் 1994இல் கண்டறியப்பட்டது. பசியைத் தூண்டும் கிரெலின் என்பதை 1999இல் ஜப்பானிய அறிஞர்கள் கண்டறிந்தனர். மரபணு, இயக்குநீர், உறக்கம், மருந்து, வாழ்சூழல் எனப் பல கூடியே உடலின் எடையை முடிவு செய்கின்றன. எனவே பருமன் என்பது நோய், பழியன்று. நம் நாட்டிலும் நிதின் கட்கரி 2011இலும், அருண் ஜெட்லி 2014இலும் இத்தகைய அறுவை செய்துகொண்ட செய்தியை நாளேடுகள் வெளியிட்டதைப் பலரும் அறிவர்.

நமக்குச் செய்யப்பட்டது 'ஸ்லீவ்' எனப்படும் முறை. இரைப்பையின் பெரும்பகுதியை, ஏறத்தாழ முக்கால் பங்கிற்கு மேல், நீக்கிவிட்டு எஞ்சியதை வாழைப்பழம் போன்ற ஒரு குழலாக ஆக்கிவிடுகின்றனர். ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளும் பை, ஒரு சிறு குவளையளவே கொள்வதாகிறது. கிரெலின் மிகுதியாகச் சுரக்கும் மேற்பகுதியும் நீங்கிவிடுவதால் முதல் மாதங்களில் பசியே தோன்றுவதில்லை. பசியின்றி உண்பதும் ஒரு கடமையாகிறது.

ஈண்டு ஒரு தமிழ்ச் செய்தி நினைவிற்கு வருகின்றது. நம் முன்னோர் உணவை உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன என நால்வகைப்படுத்தினர். 'அடிசில்' என்பது இந்நான்கிற்கும் பொதுப்பெயர். ஆதலின் அதனை ஒருவகைக்கு மட்டும் உரிய வினையால் முடித்தல் ஆகாது என்று தொல்காப்பியச் சொல்லதிகார உரையாசிரியர்கள் விளக்குவர். வகுப்பறையில் எத்தனையோ முறை இதனை நாம் நடத்தியிருக்கின்றோம். அந்நான்கும் மருத்துவமனைக் கட்டிலில் நமக்கு ஓர் ஏணியாகக் காட்சியளித்தன. முதலிரு வாரங்கள் பருகுவன மட்டுமே: தண்ணீர், தெளிந்த ரசம், மோர், வடிகட்டிய பருப்புநீர். அதுவும் ஒவ்வொரு மிடறாக. அடுத்து, கரண்டி நுனியில் எடுத்து நாவில் வைக்கும் கூழ்வகை. பின்னர் குழைந்த சோறும் இட்லியும் அவித்த முட்டையும் என உண்பன. ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்தே கடித்து மெல்ல வேண்டிய தின்பன. பல்முளைக்கும் குழந்தை ஏறும் அதே ஏணியில் மீண்டும் ஒருமுறை ஏறுகின்றோம் என்று எண்ணிக்கொண்டோம்.

ஏணியின் கடைசிப் படியே கடினமானது. முழு இரைப்பை உடையவர் அரைகுறையாக மென்று விழுங்கினாலும், மீதி வேலையை அப்பை பிசைந்து முடித்துவிடும். குழலாகிவிட்ட இரைப்பைக்கு அவ்வலிமையும் இல்லை, இடமும் இல்லை. மெல்லப்படாத துண்டு வழியில் நின்றுவிட்டால் நெஞ்சில் பாரம் ஏறும், விக்கல் எழும், வாயில் உமிழ்நீர் ஊறும், சில வேளைகளில் உண்டது மேலே வந்துவிடும். ஆகவே பல்லே இரைப்பையின் வேலையையும் செய்தாக வேண்டும். கடலைப்பருப்பு அளவிற் கவளம் எடுக்க வேண்டும். இருபது முப்பது முறை மெல்ல வேண்டும். விழுங்கிய பின் சற்றே கையை ஓய விட வேண்டும். இருபது முதல் முப்பது நிமிடத்தில் ஒரு வேளை உணவை முடிக்க வேண்டும். உணவோடு நீர் அருந்தலாகாது. அரைமணி கழித்தே அருந்தலாம். முதலில் புரத உணவு, பின்னர் காய், இறுதியில் சோறு. இவையே நமக்கு எழுதித்தரப்பட்ட விதிகள். பி12, இரும்பு, சுண்ணாம்பு ஆகியவற்றுக்கான மாத்திரைகளும் இரத்தப் பரிசோதனையும் வாழ்நாள் முழுதும் தொடர வேண்டியவை.

மெல்லுவதை எண்ணத் தொடங்கிய நாளில்தான் தமிழில் வாய்த்தொழிலுக்கு எத்தனை சொற்கள் உள்ளன என்பதும் விளங்கிற்று. கடித்தல், கறித்தல், கொறித்தல், சவைத்தல், சுவைத்தல், குதப்புதல், அசைபோடுதல், மெல்லுதல், விழுங்குதல் என ஒவ்வொன்றும் தனித்தனிச் செயல். 'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்னும் பழமொழியைச் சொன்ன பாட்டி மருத்துவம் பயின்றவள் அல்லள். உமிழ்நீர் மாவுப்பொருளை வாயிலேயே செரிக்கத் தொடங்கிவிடுகின்றது என்பதும், வயிறு நிறைந்த செய்தி மூளையை எட்டச் சிறிது நேரம் ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியாது. ஆயினும் பயனை அவள் கண்டிருந்தாள். அமெரிக்காவில் ஹோரஸ் ஃப்ளெட்சர் (1849-1919) என்பார், உணவு வாயிலேயே நீராகும் வரை மெல்ல வேண்டும் என்று ஊர்தோறும் பரப்பினார். எண்ணிக்கையையே வழிபாடாக்கிய அவ்வியக்கம் அவரோடு தேய்ந்தது. எண்ணிக்கை என்பது ஊன்றுகோல் மட்டுமே. வாயில் உள்ளது குழைந்துவிட்டதா என்று நாக்கு அறியத் தொடங்கியதும் கோலைக் கீழே வைத்துவிடலாம்.

விதிகளை உடல் ஏற்றுக்கொண்டது. உறவுகள் ஏற்றுக்கொள்ளத்தான் நாளாயிற்று. ஊரிலிருந்து நம் அக்கா வந்திருந்தார். ஆறு வகைக் கறியோடு பரிமாறியவர், நாம் நான்கு கவளத்தோடு நிறுத்தக் கண்டு கலங்கிவிட்டார்.

"என் கைச்சோறு கூடவா தம்பி உனக்கு இறங்கவில்லை?" என்றார்.

"இறங்குகிறது அக்கா, மெதுவாக இறங்குகிறது. அருகில் உட்காருங்கள், பார்ப்பீர்கள்" என்றோம்.

உட்கார்ந்தார். நாம் பிறப்பதற்கு முன் வீட்டில் நடந்த கதைகளைச் சொல்லத் தொடங்கினார். அவர் சொல்லச் சொல்ல நாம் மென்றுகொண்டிருந்தோம். அரைமணி கழிந்தது. அளந்து பரிமாறுவதில் மட்டுமே அன்பு இருக்கின்றது என நம்பியிருந்த அவர், மறுநாள் முதல் கரண்டியைக் குறைத்துக் கதையைக் கூட்டினார். அறுவை செய்துகொள்ளாதிருப்பின் அக்கதைகளை நாம் கேட்டிருக்கவே மாட்டோம்.

பந்தியின் சிக்கல் வேறு வகையானது. ரமணாசிரமத்தில் முற்பகலில் ஏழையர்க்கும் துறவியர்க்கும் உணவிட்ட பின்னரே அன்பர் பந்தி. தரையில் இலையின்முன் வரிசையாக அமர்வார்கள். 1922இல் அன்னையின் சமாதிக்கருகே வந்து தங்கி, 1950இல் மறையும்வரை அங்கு வாழ்ந்த ரமண மகரிஷி, விடியுமுன் அடுக்களையில் காய் நறுக்கியதையும், பிறர்க்கு இல்லாத எதையும் தமக்கெனத் தனியே பரிமாற ஒப்பாததையும் உடனிருந்தோர் எழுதி வைத்துள்ளனர். அங்கு உண்ண அமர்ந்த முதல் நாளில் நமக்கு அச்சமே மேலோங்கியது. இலையில் இடப்பட்டதை வீணாக்குதல் தகாது. இட்டதை எல்லாம் உண்ணவும் ஒண்ணாது. பரிமாறுபவர் அருகில் வந்ததும் கையை இலைமேல் கவித்து, "ஒரு கரண்டியில் பாதி போதும்" என்றோம். ஏன் என்று அவர் கேட்கவில்லை. பாதியை இட்டுவிட்டு நகர்ந்தார். கேள்வி கேளாமல் இடும் அப்பாதிக் கரண்டியில் நிறைந்த மரியாதை இருந்தது.

சஹன் விருந்தில் இதனினும் பெரிய பாடம் காத்திருந்தது. நம் பழைய மாணவர் ஒருவரின் இல்லத் திருமணம், கீழைக் கடற்கரையூர் ஒன்றில். ஒரு பெரிய தட்டில் நெய்ச்சோறும் ஆட்டிறைச்சியும் தாள்ச்சாவும், சுற்றிலும் ஐவர். ஐந்து கைகள் ஒரே தட்டில் இயங்கும்போது ஒரு கை மட்டும் பின்தங்கினால் என்னாகும் என்று தயங்கினோம். மணமகனின் பாட்டனார் நம் தயக்கத்தைக் கண்டுகொண்டார்.

"வாத்தியாரய்யா, நீங்கள் ஆற அமர உண்ணுங்கள். நீங்கள் எழும்வரை இந்தச் சஹனில் எவரும் எழமாட்டார்கள்" என்றார்.

மெத்தென்ற கறித்துண்டு ஒன்றை நார் பிரித்து நம் பக்கம் நகர்த்தியும் வைத்தார். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்கும் ஒரு பங்கை நீருக்கும் ஒரு பங்கை மூச்சுக்கும் விடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அறிவுறுத்தியதை அவர் எடுத்துச் சொன்னபோது, நமக்கு எழுதித்தரப்பட்ட விதிகளுக்குப் பழைய துணை ஒன்று கிடைத்தது. முன் உண்டது செரித்ததை அறிந்து உண்பவர்க்கு மருந்தே வேண்டா என்று 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் சொன்னதும் அங்கே நினைவிற்கு வந்தது. தனியிலையில் எஞ்சுவது எச்சிலாகிறது. சஹனில் நாம் உண்ணாதது பிறர் பங்காகிறது. குறைவாக உண்பவன் அங்கே விருந்தைக் கெடுப்பவனாகான்.

இன்று நம் எடை 88 கிலோ. சர்க்கரைக்கான மருந்துகளை மருத்துவர் குறைத்துள்ளார். சென்ற கார்த்திகையில் 14 கிலோமீட்டரையும் நடந்தே கடந்தோம், நடுவே ஐந்து இடங்களில் அமர்ந்து. வழிநெடுக அன்னதானம் செய்தோர் நீட்டிய தொன்னைகளில் ஒன்றை மட்டும் ஏற்று, ஒரு கல்லின்மேல் அமர்ந்து, அரைமணி நேரம் உண்டோம். எனினும் அறுவை எல்லார்க்கும் ஏற்றதன்று. உடல்நிறை, உடன்நோய், மனநிலை யாவும் ஆய்ந்து மருத்துவக் குழுவே முடிவு செய்ய வேண்டியது அது. அதன் பின்னரும் உழைப்பு உண்டு; எடை மீளவும் கூடும்.

மாணவச் செல்வங்களே! விடுதியில் மணியடித்ததும் பத்து நிமிடத்தில் தட்டைக் காலி செய்வது உங்கள் வழக்கம். அடுத்த பந்திக்காரர் முதுகின்பின் நிற்க அள்ளி விழுங்குவது நம் திருமணக் கூடங்களின் வழக்கம். உங்கள் வரிசையில் ஒருவர் சிறு கவளமாக எடுத்து நெடுநேரம் மெல்லக் காண்பீராயின், 'உணவு பிடிக்கவில்லையா?' என்றோ 'இன்னும் கொஞ்சம்' என்றோ வற்புறுத்த வேண்டா. அவர் அறுவை முடிந்தவராக இருக்கலாம். பல்லிழந்த முதியவராக இருக்கலாம். நோயிலிருந்து எழுந்தவராக இருக்கலாம். அவர் இலையை மூடும்வரை உங்கள் இலையை மூடாமல் அமர்ந்திருங்கள். விருந்தோம்பல் என்பது பரிமாறுவதோடு முடிவதன்று. உடனிருந்து காத்திருத்தலும் அதனுள் அடங்கும்.