சேவல் கூவாத வீடு

காலை ஆறரை மணி. ஜூரோங்கில் இன்னும் இருட்டு. சிங்கப்பூரில் ஆண்டு முழுக்க ஏழு மணியை ஒட்டித்தான் விடியும். பூன் லே எம்ஆர்டியிலிருந்து பேருந்து பிடித்து வந்து இறங்கி, தரைவீடுகள் வரிசையாக நிற்கும் தெருவுக்குள் நடந்தேன். கோழி வளர்க்கும் வீட்டுக்குப் போகிறோமே என்று காது தானாக ஒரு கூவலை எதிர்பார்த்தது. ஒன்றும் கேட்கவில்லை.

"கோழி இருக்குன்னு சொன்னீங்களே அக்கா, சத்தமே காணோமே?"

"சத்தம் கேட்டா கோழி இருக்காது தம்பி," என்று சிரித்தபடி கேட்டைத் திறந்தார்.

அக்காவுக்கு வயது அறுபத்தைந்தைத் தாண்டியிருக்கும். பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். 1980களில் கல்யாணமாகி இங்கே வந்தவர். பல ஆண்டுகள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடியில் இருந்தார். அங்கே கோழி வளர்க்க அனுமதி கிடையாது. மகன் இந்த டெரஸ் வீட்டை வாங்கிய பிறகுதான் ஆசை நிறைவேறியது. தரைவீடுகளில், விற்பனைக்கு இல்லாமல், பத்துக் கோழி வரை வளர்க்கலாம் என்பது இங்குள்ள விதி. வெளிப் பறவை எதுவும் உள்ளே வர முடியாதபடி கூண்டு இருக்க வேண்டும். அக்கா ஆறோடு நிறுத்திக்கொண்டார். ஆறும் பெட்டை. விதி சேவலைத் தடுக்கவில்லை, பக்கத்து வீட்டுத் தூக்கத்தை நினைத்து அவரே வேண்டாமென்று விட்டுவிட்டார்.

பின்கட்டுக்குப் போனோம். கோழிகள் கழியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அக்கா அவற்றைப் பார்க்கவில்லை. கைபேசி வெளிச்சத்தைக் கழிக்குக் கீழே அடித்துக் குனிந்தார். இரவு முழுக்க விழுந்த எச்சம் அங்கே குவியல் குவியலாகக் கிடந்தது.

"எது எங்க உக்காரும்னு எனக்குத் தெரியும். அதனால எச்சம் யாருதுன்னும் தெரியும்," என்றார்.

பழுப்பு நிறத்தில், மேலே வெள்ளைத் தொப்பி வைத்தாற்போல் இருந்தால் நலம். ஒரு குவியலில் மட்டும் பிசுபிசுவென்று கரும்பழுப்பாக ஏதோ இருந்தது. "கழிச்சலா அக்கா?" என்று பதறினேன். அவர் சிரித்தார். கோழிக்குக் குடலின் கடைசியில் இரண்டு பைகள் உண்டு. அவை அவ்வப்போது காலியாகும்போது எச்சம் இப்படித்தான் வரும். புதிதாக வளர்ப்பவர்கள் எல்லாரும் ஏமாறுவது இதில்தான். பயப்பட வேண்டியது இரண்டுக்கு. சிவப்பு தெரிந்தால் ரத்தக் கழிச்சல், ஈரமான கூட்டில் வருவது. பச்சையும் வெள்ளையுமாக நீர்த்துப் போய், கோழி கழுத்தைச் சுருக்கி உட்கார்ந்தால் வெள்ளைக்கழிச்சல். இமயமலைப் பகுதியின் ராணிக்கேத் ஊரில் கண்டறியப்பட்டதால் இந்தியாவில் ராணிக்கேத் நோய் என்றே அதற்குப் பெயர். கிராமத்தில் ஒரு வீட்டில் நுழைந்தால் தெருவையே துடைத்துவிட்டுப் போகும். அக்கா சிறுமியாக இருந்தபோது ஒரே வாரத்தில் அவர்கள் வீட்டுப் பஞ்சாரங்கள் காலியானதைப் பார்த்திருக்கிறார். குனிந்து பார்க்கும் பழக்கம் அன்று வந்தது.

கூண்டு நம்மூர்ப் பஞ்சாரம் போல இல்லை. பஞ்சாரம் என்பது மூங்கில் பிளாச்சில் பின்னிய கவிழ்ந்த கூடை. இரவில் மூடி, காலையில் தூக்கிவிட்டால் போதும், கோழி தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும். இங்கே அரை அங்குலக் கண்ணுள்ள இரும்புவலை, மேலே கூரை, அடியில் சிமென்ட் தளம், அதன்மேல் ஒரு சாண் உயரத்துக்கு மரத்தூள். வலை குருவிக்கு மட்டுமல்ல, மலைப்பாம்புக்கும்தான். இந்த ஊரின் பெரிய சாக்கடைகளில் மலைப்பாம்பு உண்டு. கோழி வாடைக்கு வரும். மரநாயும் வரும். மரத்தூளை அக்கா தினமும் கிளறிவிடுகிறார். காற்றிலேயே தண்ணீர் நிற்கும் ஊரில் கூட்டைக் காய வைத்திருப்பதுதான் பாதி வேலை. கோழிக்கு வேர்க்காது, வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அதனால் மதியத்தில் தண்ணீரை இரண்டு முறை மாற்றுகிறார்.

பறவைக்குப் பேர்போன ஊர்தான் இது. சதுப்பு நிலமாகக் கிடந்த ஜூரோங்கைத் தொழிற்பேட்டையாக்கிய கோ கெங் சுவீ, ரியோ டி ஜெனிரோவில் ஒரு பெரிய பறவைக்கூண்டைப் பார்த்துவிட்டு வந்து தொடங்கிவைத்த யோசனைதான் ஜூரோங் பறவைப் பூங்கா. 1971 ஜனவரி 3-ல் திறந்து, 52 ஆண்டு இருந்து, 2023 ஜனவரி 3-ல் மூடி, பறவைகள் மண்டாய்க்குப் போய்விட்டன. கம்பம் எனப்படும் பழைய கிராமங்களின் கோழிகளோ அதற்கு முன்பே போயின. கம்பத்து வீடுகளை இடித்து மக்களை அடுக்குமாடிக்கு மாற்றிய காலத்தில், முற்றத்துக் கோழிக்கு மாடியில் இடமில்லாமல் போனது.

இன்று ஊருக்குள் கோழி தெரிந்தாலே ஒரு வழக்கு. 2017-ன் தொடக்கத்தில் சின் மிங் வட்டாரத்தில் சத்தம் தாங்கவில்லை என்று குடியிருப்பாளர்கள் புகார் செய்ய, திரிந்துகொண்டிருந்த 24 கோழிகளை அதிகாரிகள் கொன்றார்கள். அதற்கு எழுந்த எதிர்ப்பும் பெரிது. நோய்ப் பயமும் வெறும் கற்பனையல்ல. 2004 ஆகஸ்டில் மலேசியாவின் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் வந்ததும், மலேசியக் கோழி வருவதையே சிங்கப்பூர் நிறுத்திவைத்தது. "சத்தம் கேட்டா கோழி இருக்காது" என்று அக்கா சொன்னதன் பொருள் எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது.

சேவல் இல்லாவிட்டாலும் பெட்டை முட்டையிடும். குஞ்சுதான் வராது. ஆனால் அது பெட்டைக்குத் தெரியாதே! முட்டைப்பெட்டியில் ஒரு கறுப்புப் பெட்டை இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அக்கா கையை நீட்டியதும் அடித்தொண்டையில் உறுமியது. வயிற்றுச் சூடு முட்டையில் நேராகப் படவேண்டுமென்று அடிவயிற்று இறகைத் தானே பிடுங்கிப் போட்டிருந்தது. அக்கா அதைத் தூக்கிக் காட்டினார். அடியில் ஒன்றுமே இல்லை.

"நாலு நாளா இப்படித்தான் தம்பி. சாப்பாடுகூட ஒரு வேளைதான்."

ஊரில் என்றால் இந்த நேரம் கூடையில் மணல் பரப்பி, முட்டைகளை அடுக்கி, ஓர் இரும்புத்துண்டும் கரியும் போட்டு, அடை வைத்திருப்பார்கள். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்ற பயத்துக்குத்தான் இரும்பும் கரியும். இருபத்தோராம் நாள் குஞ்சு. அடை வேண்டாமென்றால் கோழியைத் தண்ணீரில் முக்குவார்கள், மூக்கில் இறகைக் குத்திவிடுவார்கள். அக்கா அதைச் செய்வதில்லை. நாலு செங்கல்மேல் ஒரு கம்பிக்கூண்டை ஏற்றிவைத்து, அதற்குள் பெட்டையை விட்டார். தீனியும் தண்ணீரும் உண்டு, மெத்தென்ற இடம் மட்டும் கிடையாது. அடியில் காற்று புகுந்து வயிறு குளிர்ந்தால் மூன்று நாளில் அடை தெளிந்துவிடும்.

"பாவம்தான். ஆனா விட்டுட்டா இல்லாத முட்டைமேல உக்காந்தே இளைச்சுப் போயிடும்," என்றவர், கூண்டின் பக்கத்திலேயே சிறிது நேரம் நின்றார்.

2022 ஜூன் முதல் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது, "இனி நாமே வளர்க்கலாமா?" என்று பலர் இவரிடம் கேட்டார்களாம். அதற்கு முந்தைய ஆண்டு சிங்கப்பூர் தின்ற கோழியில் 34 விழுக்காடு மலேசியாவுடையது. அந்தப் பள்ளத்தை முற்றத்துக் கோழி நிரப்பாது. ஒரு கோழி நாளுக்குத் தின்னும் தீவனமே நூறு கிராமுக்கு மேல். வலை, மரத்தூள், தீவனம் எல்லாம் கூட்டினால் கடை முட்டைதான் மலிவு. அக்காவே அதைச் சொல்கிறார்.

புறப்படும்போது கூடையில் நாலு முட்டை இருந்தது. எனக்கென்று நினைத்துக் கை நீட்டப் போனேன். அக்கா அதை மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற சீன மூதாட்டியிடம் நீட்டினார். கோழி வந்த நாளிலிருந்து முதல் பங்கு அந்த வீட்டுக்குத்தானாம். ஆகவே தரைவீட்டில் கோழி வளர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கூண்டுக்கு வலை வாங்கப் போகும் முன், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டுவிடுங்கள்.