நூல் கோக்காத மிஷின்

ஈரோடு வீரப்பன்சத்திரத்தில் விசைத்தறி ஓட்டும் நண்பர்தான் சொன்னார்: "எங்க சந்துல ஒரு அக்கா ஜப்லா தைக்கக் கத்துக் குடுக்கறாங்க. ஒருக்கா வந்து பாருங்க."

ஓட்டு வீட்டுத் திண்ணையில் கால்மிதி மிஷின். அதில் உட்கார்ந்திருந்த பெண் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் ஆறு வருஷம் கைமடி. டெய்லருக்குத் துண்டு எடுத்துக் கொடுப்பதும், தைத்து விழுவதை அடுக்குவதும் கைமடி வேலை. அத்தனை வருஷமும் மிஷினுக்குப் பக்கத்திலேயே நின்றவர், ஒருநாளும் அதில் உட்கார்ந்ததில்லை. கைக்குழந்தையை விட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போக முடியாமல் இங்கே வந்திருக்கிறார்.

மிஷினில் நூல் இல்லை. ஊசிக்கு அடியில் கோடு போட்ட நோட்டுத் தாள். துளை கோட்டின் மேலேயே விழ வேண்டும். சக்கரத்தைக் கையால் தன் பக்கமாக உருட்டிவிட்டு, அது ஓடும் போக்கிலேயே காலை அழுத்த வேண்டும். கால் முந்தினால் சக்கரம் பின்னால் சுழலும். நூல் கோத்திருந்தால் அடியில் சிக்கி அறுந்துவிடும். "கை முன்னால, கால் பின்னால, கண்ணு." நாலு நாளாக இதே பாடம்.

ஜப்லா கைக்குழந்தைக்கான சின்ன உடுப்பு, சுலபமாக வரும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. பெரியவர் சட்டையில் நிதானமாகத் திரும்பும் அக்குள் வளைவு, ஜப்லாவில் சில விரற்கடைக்குள் திரும்பிவிடுகிறது. ஊசியைத் துணியில் இறக்கி நிறுத்தி, துணியை அழுத்திப் பிடிக்கும் பூட்டைத் தூக்கி, துணியைத் துளி திருப்பி, மறுபடி பூட்டை இறக்க வேண்டும். விளிம்பில் கத்தரியால் சிறு வெட்டுகள் கொடுக்காவிட்டால் வளைவு இழுத்துக்கொள்ளும். பட்டன் கிடையாது, குழந்தை பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். நாடாதான்.

வெட்டும் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் வெட்டுவதற்கு முன் மல் துணியைக் கஞ்சி போக அலசிக் காயவைப்பதைப் பார்த்தேன். "அப்பெல்லாம் பொறந்த கொழந்தைக்குத் தாத்தன் வேட்டியைக் கிழிச்சுத்தானுங்க போடுவோம். அந்த மெது இதுல வரோணும்" என்றார் அக்கா.

இந்த அருமையான கைக்குக் கூலி ஏஜெண்ட் வைத்ததுதான். துணிக்கட்டைக் கொண்டுவந்து போடுவார், டஜன் கணக்கில் கூலி. நூல், ஊசி, எண்ணெய், கரண்ட் எல்லாம் தைப்பவர் பாடு. ஒரு நாடா கோணினால் அந்த உருப்படிக்குக் கூலி இல்லை. உருப்படியும் திரும்பி வராது. கூலி கொடுக்காத துணியை எந்த உரிமையில் எடுத்துப் போகிறார்? வீட்டிலிருந்து உழைப்பவரையும் மற்றத் தொழிலாளருக்குச் சமமாக நடத்த வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் 177-ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. தமிழ்நாட்டில் தையல் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது, அக்காவிடம் அதன் அட்டையும் இருக்கிறது. பிள்ளைகள் படிப்புக்கு உதவி வரும். டஜனுக்கு இவ்வளவு என்று ஏஜெண்டிடம் கேட்க அந்த அட்டை உதவாது.

மூன்று வாரம் கழித்து மறுபடி போனேன். முதல் ஜப்லா முடிந்திருந்தது. அக்கா அதை உள்பக்கம் திருப்பி, அக்குள் தையலைத் தன் கன்னத்தில் வைத்து இழுத்துப் பார்த்தார்.

"இந்த எடம் உறுத்துது. பிரிச்சிரு கண்ணு. அரை அங்குலம் போதும்."

அந்தப் பெண் தாலிக்கொடியிலிருந்து ஊக்கைக் கழற்றி, ஒவ்வொரு தையலாக நெம்பிப் பிரித்தார். சுருக்கத்தைக் கட்டைவிரல் நகத்தால் நீவினார். துணியை ஊசிக்கு அடியில் வைத்து, சக்கரத்தின் மேல் கையை வைத்தார். கால் மிதிக்கு வெளியே காத்திருந்தது.